ஒரே ஏழு மணி

கல்யாணமாகி நான்கு வருடமாக டொமினிக்கும் ரோசம்மாவும் ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரே நேரத்தில் படுத்தது கிடையாது. அவள் எழுந்து போட்டுவிட்டுப் போன போர்வைக்குள் காலையில் அவன் நுழைவான். அவன் கசக்கிப் போட்ட தலையணையை இரவில் அவள் தட்டிப் போட்டுக்கொள்வாள். சுங்கை சிப்புட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓய்வு உண்டு, அந்தக் கட்டிலுக்கு மட்டும் கிடையாது.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரி. ரோசம்மா பகல் ஷிப்ட். பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற லைனில் வேலை. டொமினிக் இரவு ஷிப்ட், கம்ப்யூட்டர் அறையில். காலை ஏழுக்கு ஷிப்ட் மாறும், மாலை ஏழுக்கு மறுபடி மாறும். ஏழு மணி ஆகாமல் இரவு ஆள் வெளியே போக முடியாது. அதே ஏழு மணி ஆகிவிட்டால் பகல் ஆள் லேட். இரண்டு பேருக்கும் ஒரே ஏழு மணி என்றால் புருஷன் பெண்டாட்டி எங்கே சந்திப்பது? அவள் வந்து இறங்கிய பஸ்ஸில் அவன் ஏறி வீட்டுக்குப் போவான். மாலையில் அவன் வந்து இறங்கிய பஸ்ஸில் அவள் ஏறுவாள். இதற்குப் பெயர் குடும்பம்.

முன்பு இப்படி இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஏழு மணியை முடிவு செய்தவர் பத்துமலை. வாசல் காவலுக்கு நின்ற ஜாகா. சங்கு ஊதும் பொத்தான் அவர் கையில் இருந்தது. கைக்கடிகாரத்தை ஒரு பார்வை, ரோட்டை ஒரு பார்வை பார்ப்பார். சுங்கை சிப்புட் பஸ் மர லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை என்றால், அது வருகிறவரை ஏழு மணி ஆகாது. இரவு ஆள்கள் தூங்கி வழிந்துகொண்டு வாசலில் வந்து நின்றால், பாவம் என்று கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடுவார். அந்தக் கொஞ்ச நேரச் சந்தில்தான் அண்ணன் தங்கச்சி, புருஷன் பெண்டாட்டி எல்லாரும் செல்லாயியின் ஒட்டு டீக்கடையில் நின்று ஆளுக்கொரு தே குடிப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆன காலத்தில் டொமினிக்கும் ரோசம்மாவும் அப்படி நின்று குடித்தவர்கள்தான்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. சங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் ஒரு பெட்டியை வைத்தார்கள். அட்டையைச் செருகினால் பச்சை விளக்கு எரியும், அது சரி. சிவப்பு எரிந்தால் லேட். மூன்று நாள் சேர்ந்தாற்போல் சிவப்பு எரிந்தால் ஆபீசில் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்துவார்கள். பெட்டிக்கு மேலேயும், லைன் நடக்கிற கூடத்துச் சுவரிலும் மணி காட்டும் எண் பலகைகள் மாட்டினார்கள். அத்தனை பலகையும் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் மணி காட்டும். லைனில் யாரும் கைக்கடிகாரம் கட்டக்கூடாது என்பது ஏற்கெனவே இருக்கிற சட்டம். ஆகவே அந்தக் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டர் சொன்னதுதான் நேரம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே நல்ல பூசாரி ஒருவர் இருந்தார். அவரை எழுப்பிவிட்டு, வரம் கொடுக்கத் தெரியாத சாமியை உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தச் சாமிக்கு இரவுக் காவல் டொமினிக்.

அவன் பிறந்த எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்று வெகுநாள் ஆகிவிட்டது. அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்த அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை போடுவதோடு சரி. டொமினிக் எம்.சி.இ. பள்ளிப் பரீட்சை தேறியவன், கணக்கில் கெட்டிக்காரன். அதனால்தான் லைனிலிருந்து தூக்கி அவனைக் கம்ப்யூட்டர் அறையில் போட்டார்கள். பெரிய முன்னேற்றம் என்று எல்லாரும் கை கொடுத்தார்கள். கை கொடுத்தவர்கள் யாரும் பிறகு பேசவில்லை. சிவப்பு விளக்கு எரிகிற ஒவ்வொருவனும் அவனைத்தான் திட்டினான். பஸ்ஸில் அவன் ஏறினால், "மணி சார் வந்துட்டாரு, வாய மூடுங்க லா" என்று ஒரு குரல் வரும். பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. தனியாக இருந்தான் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் அந்தத் தனிமை சுருக்கமானது இல்லை. குளிரூட்டிய அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு விடிகிறவரை மெஷினோடு இருப்பான். காலையில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். இரவெல்லாம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டானே.

அவன் மனசுக்குள் ஒரே ஒரு ஆசைதான் வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் ரோசம்மாவோடு நின்று ஒரு தே குடிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் திரும்பக் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அவளிடம் கேட்டும் பார்த்தான்.

"நீ கொஞ்சம் முன்னால வந்தின்னா, உள்ளேருந்து வாசல் கம்பி கிட்டயாச்சும் ஒன்னப் பாக்கலாமே."

"எங்கங்க? பஸ்ஸு வந்து நிக்கறதே கடேசி நேரத்துலதான். எறங்குன ஒடனே ஓட வேண்டியதா இருக்கு" என்றாள் ரோசம்மா, துணி மடித்துக்கொண்டே.

சரி, அவள் முன்னால் வர முடியாது. அப்படியானால் தான்தான் முன்னால் வெளியே வர வேண்டும். ஏழு மணி ஆகாமல் பெட்டி அவனை வெளியே விடாது. ஏழு மணி எப்போது ஆக வேண்டும் என்பது யார் கையில் இருக்கிறது? யோசிக்க யோசிக்க, அது தன் கையில் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் கொஞ்சம் சோம்பேறி. இரவில் மெல்ல மெல்லப் பின்தங்கும். ரேடியோவில் செய்திக்கு முன்னால் 'பிப் பிப்' என்று வருகிற ஓசையைக் கேட்டு அதைச் சரிசெய்வது டொமினிக்கின் வேலைகளில் ஒன்று. அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. அதை ஓடவிட்டால் கடிகாரத்தைப் படித்து மணியைக் காட்டும். சரியான மணியைத் தட்டிக் கொடுத்தால் அதையே கடிகாரத்தில் ஏற்றிவிடும். மெஷின் ஏன் என்று கேட்காது. பத்துமலைகூட இரண்டு கேள்வி கேட்டுத்தான் சங்கை ஊதுவார்.

கம்ப்யூட்டர் அறைக்கும் லேட் கணக்குக்கும் பெரியவர் ஈப்போக்காரர் லியோங். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் ஒன்று சொல்லியிருந்தார். கடிகாரத்தை முன்னால் தள்ளு, பரவாயில்லை. பின்னால் மட்டும் இழுக்காதே. பின்னால் இழுத்தால், நடந்து முடிந்த காரியம் இன்னும் நடக்கவில்லை என்று மெஷின் நினைக்கும், கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும் என்றார். டொமினிக் அதை மறக்கவில்லை. ஆனால் ஆசை வந்துவிட்டால் புத்திமதியெல்லாம் அடுத்தவனுக்குச் சொன்னதுபோல்தான் இருக்கும்.

அவன் புதிதாக ஒரு புரோகிராம் எழுதினான். விடியற்காலையில் அது தானாக விழித்துக் கடிகாரத்தைப் படிக்கும். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடிகாரத்தை ஏழு என்று மாற்றும். இரவு ஆள்கள் எல்லாரும் அட்டை செருகி வெளியேறச் சில நிமிடம் கொடுக்கும். பிறகு மறுபடி கடிகாரத்தைப் படித்து, அந்தப் பத்து நிமிடத்தைக் கழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதற்குள் அவன் செல்லாயி கடையில் இருப்பான். சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு எதுவும் அந்த நேரத்தில் ஓடாதபடி முன்னாலேயே முடித்து வைத்தான். பகல் ஆள்களுக்கு ஒரு கெடுதியும் இல்லை என்று நினைத்தான். அவர்கள் வெளியே தே குடித்துவிட்டுக் கடைசி நிமிடத்தில்தானே உள்ளே நுழைவார்கள், அதற்குள் கடிகாரம் திருந்திவிடும். இருட்டோடு எழுந்து வருகிற கூலிக்காரன் எவனாவது நேரத்துக்கு முன்னால் உள்ளே போவானா? அவன் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்கூட்டி வந்து நின்ற ஒருவனைக்கூட அவன் பார்த்தது கிடையாது.

மனச்சாட்சி கொஞ்சம் உறுத்தியது. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. போன வருடம்தான் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது. கோழிகூடக் குழம்பிப் போனது. நாட்டுக்கே அரை மணி தள்ளலாம், நான் பத்து நிமிடம் தள்ளினால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதல் நாள் காலை. கூடத்துச் சுவரில் ஏழு என்று விழுந்ததும் லைன் ஆள்கள் சோம்பல் முறித்து எழுந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேரத்துக்கு முன்னால் விட்டால் எந்தத் தொழிலாளி சந்தேகப்படுவான்? வெளியே போகிறவர்களுக்குப் பக்கத்து வாசல், அங்கே பையைத் திறந்து காட்ட வேண்டும். டொமினிக் பையைக் காட்டிவிட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடி வந்தான். சட்டைப்பையில் சீப்பு வைத்திருந்தான். நடந்துகொண்டே தலை வாரினான். நெஞ்சு அடித்துக்கொண்டது, பெண் பார்க்கப் போகிறவனுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி.

செல்லாயி கடையில் பகல் ஆள்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். ரோசம்மா இல்லை. சுங்கை சிப்புட் பஸ் ஓரமாக நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. டிரைவர் ராஜு ஒரு காலைக் கல்லில் தூக்கி வைத்துக்கொண்டு தே ஆற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், பஸ்ஸு எப்ப வந்துச்சு?"

"வந்து நேரமாச்சு லா. டெய்லி இந்த நேரந்தான். ஏன்?"

"கடேசி நேரத்துலதான் வரும்னு சொன்னாங்களே."

"எவன் சொன்னான்? மனேஜருக்கு ரிப்போட்டு போடப் போறியா நீ?" என்று ராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரோசம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை போலும், இன்று வேலைக்கே வரவில்லை என்று டொமினிக் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். பஸ் எப்போது கிளம்பும் என்று தவித்தான். வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அவள் இல்லை. சட்டியில் குழம்பு மூடி இருந்தது. போர்வை மடித்து இருந்தது. அவன் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், படுக்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாளும் அதே கதை. பத்து நிமிடத்தைத் திருடிக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க ஆள் இல்லாமல் கடையோரம் நின்றான். இரண்டு தே சொல்லியிருந்தான். ஒன்றைக் குடித்தான், இன்னொன்று ஆடை கட்டி ஆறியது. "யாருக்குப்பா இது?" என்று செல்லாயி கேட்டாள். அவன் அதையும் எடுத்துக் குடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினான்.

மூன்றாம் நாள் பத்துமலையே அவனைக் கை காட்டிக் கூப்பிட்டார். சங்கு போன பிறகும் அவர் முன்வாசலில்தான் நின்றார், கையில் அதே கடிகாரம்.

"தம்பி, நீதானே அந்த ரோசம்மா புருசன்? இங்க வா. ஒன் மெசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"ஏன்ணே?"

"அந்தப் பொண்ணும் இன்னும் மூணு பேரும் டெய்லி பஸ்ஸ வுட்டு எறங்குன ஒடனே நேரா உள்ள போயிருவாளுங்க. இங்க நிக்கறதே இல்ல. இன்னிக்கும் அப்படித்தான் போனாளுங்க. என் கடியாரத்துல ஏழாவ இன்னும் நேரங் கெடக்கு. பொட்டியில பாத்தா செவப்பு லைட்டு! இன்னியோட மூணு நாளாச்சு. இப்பத்தான் ஆபீசு கணக்கப்புள்ள, அந்தக் கிராணி, ஆள அனுப்பி நாலு பேரையும் ஆபீசுக்குக் கூப்புட்டுருக்கான். நானும் சாச்சி சொல்லப் போறேன். வேலய வுட்டுத் தூக்கிருவானுங்கப்பா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பது இதுதான். யாரைப் பார்ப்பதற்காகக் கடிகாரத்தைத் தள்ளினானோ அவளே அந்தத் தப்பு நேரத்துக்குள் போய் மாட்டிக்கொண்டாள். ஆனால் அவனைக் குத்தியது அது மட்டும் இல்லை. தினமும் போயிருவாளுங்க என்கிறாரே. பஸ் நேரத்தோடு வந்திருக்கிறது, அவளும் நேரத்தோடு வந்திருக்கிறாள். வந்து, நிற்காமல் உள்ளே போயிருக்கிறாள். எத்தனை மாதமாக என்று யோசிக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

யோசிக்க நேரமும் இல்லை. பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டால் அவன் வேலை தப்பும், அவள் வேலை போகும். அந்தக் கணக்கை மட்டும் அவன் இரண்டாம் முறை போட்டுப் பார்க்கவில்லை. நல்லவன்தான். நல்லவனாக இருப்பது மட்டும் குடும்பம் நடத்தப் போதாது, அது வேறு விஷயம்.

ஆபீசில் லியோங் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிரே நான்கு பெண்கள் தலைத்துணியும் நீலச் சட்டையுமாக நின்றார்கள். ரோசம்மா ஓரத்தில் நின்றாள். மெஷின் பொய் சொல்லாது என்று லியோங் சொல்லிக்கொண்டிருந்தார். டொமினிக் கதவைத் தட்டாமலே உள்ளே போனான்.

"மெஷின் பொய் சொல்லல சார். நான்தான் அதைப் பொய் சொல்ல வச்சேன்" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். புரோகிராம் எப்போது விழிக்கும், எப்படி முன்னால் தள்ளும், எப்படிப் பின்னால் இழுக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னான். லியோங்கின் முகம் சிவந்தது. பின்னால் இழுக்காதே என்று சொன்னேனா இல்லையா என்று மேசையைத் தட்டினார். எதற்காகச் செய்தாய், யாருக்காவது ஓவர்டைம் ஏற்றிக் கொடுக்கவா என்று கேட்டார்.

"இல்ல சார். காலையில என் பெண்டாட்டியப் பாக்கலாம்னு."

லியோங் அவனைப் பார்த்தார், பிறகு பெண்களைப் பார்த்தார். எந்தப் பெண் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மற்ற மூன்று பேரும் ரோசம்மாவைத்தான் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"ரூமா தாக் அடாகா?" என்று மலாயில் கேட்டார் லியோங். வீடு கிடையாதா உனக்கு என்று அர்த்தம்.

வீடு இருந்தது. அதுதான் விஷயமே.

லியோங் கோபக்காரர், ஆனால் கொடியவர் இல்லை. நான்கு பெண்களின் லேட்டையும் அடித்துப் போடச் சொன்னார். டொமினிக்கை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் இனிமேல் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது, திங்கட்கிழமையிலிருந்து பெட்டி கட்டுகிற இடத்துக்குப் போ, பகல் ஷிப்ட் என்றார். "இனி தினமும் பினியோட வா, பினியோட போ. கடிகாரத்தைத் தொடாதே" என்று முடித்தார். பினி என்றால் பெண்டாட்டி. ஆசைப்பட்டதையே தண்டனையாகக் கொடுப்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும், அது லியோங்குக்கு இருந்தது.

வெளியே வராந்தாவில் மற்ற மூன்று பெண்களும் முன்னால் போய்விட்டார்கள். ரோசம்மா நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"எதுக்குங்க இந்த வேல ஒங்களுக்கு?"

"ஒன்னப் பாக்கத்தான் ரோசா."

"பாத்து?"

"பேசலாம்னு."

"என்ன பேச?"

மூன்று நாளும் தலை வாரிக்கொண்டு ஓடினானே தவிர, என்ன பேசுவது என்று அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"ஞாயித்துக்கெழம முழுக்க ஒன்னாத்தானே இருக்கோம்? கோயிலுக்குப் போறோம், வாறோம். நீங்க படுத்துக்குறீங்க. எந்திரிச்சா அந்த மெசினு கத. அது மெதுவா ஓடுது, இது நின்னு போச்சுனு. எனக்குக் கழுத்து வலிக்கி ஆறு மாசமா ஆஸ்பத்திரி போறேன், தெரியுமா ஒங்களுக்கு?"

"நீ சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

"பஸ்ஸு லேட்டுனு சொன்னியே."

"பொய்தான் சொன்னேன்" என்றாள் ரோசம்மா, மறைக்காமல். "முந்தி செல்லாயி அக்கா கடையில நின்னு தே குடிச்சோம் பாருங்க, அப்பக்கூட நீங்க என் மொகத்தப் பாத்ததில்ல. பத்துமலை அண்ணன் எப்ப சங்கு ஊதுவாருனு அவரு கையத்தான் பாத்துக்கிட்டு நிப்பீங்க. இப்ப நான் உள்ள போனா கேன்டீன்ல நாலு பேரு ஒக்காந்து பசியாறுறோம். ஐவி ஏதாச்சும் கத சொல்லுவா, சிரிப்போம். ஒரு நாளைக்கி எனக்குன்னு இருக்கறது அந்தக் கொஞ்ச நேரந்தாங்க. அதையும் ஒங்களுக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது? கோவத்துல சொல்லல. கேட்டீங்க, சொல்லிட்டேன்."

லைனுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போனாள். கூடத்துக் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. அவன் பக்கத்து வாசலை நோக்கி நடந்தான். இவ்வளவு காலமும் தன்னை வாட்டியது நேரம் என்றுதான் நினைத்திருந்தான். நேரத்தைத் திருடத் தெரிந்தவனுக்கு, திருடியதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது. பக்கத்து வாசலில் பையைத் திறந்து காட்டும்போது காவலாளி முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே பார்க்காமலே போகச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு அவன் படுக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் சமைத்தாள், சாப்பிட்டார்கள், அவள் துணி துவைத்தாள். நாளைக்குப் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தான். கழுத்து வலியைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் அவள் சொல்லிக் காட்டிய பிறகு கேட்டால் அது கேட்டதாகுமா? சமையலைப் பாராட்டலாம். ஆமாம், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தான். பக்கத்து அறையில் அவள் துணி மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய் இப்போதே பேசலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை இருட்டோடு இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். ராஜு கண்ணாடியில் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. நடுவில் ஒரு சீட்டில் ரோசம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், டொமினிக் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் அறைக்குப் போனதிலிருந்து இந்தப் பஸ்ஸில் அவன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவன் முழங்கைக்கு அவள் கையின் சூடு தெரிந்தது. பஸ் டவுனைத் தாண்டி, வெட்டிப் போட்ட ரப்பர் பால்மரக் காடுகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தது. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"நேத்து மீன் கொழம்பு நல்லா இருந்துச்சு ரோசா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, கொஞ்சம் இரக்கம்தான் இருந்தது.

"நேத்து கோழிங்க" என்றாள்.

அதற்குமேல் அவனிடம் ஒத்திகை இல்லை. ரோடு நீளமாகக் கிடந்தது. லோரிகள் எதிரே வந்து போயின. பின்சீட்டிலிருந்து ஐவியின் குரல் வந்தது: "ரோசா, இங்க வா லா, ஒரு கத சொல்றேன்!"

ரோசம்மா பின்சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்தாள்.

"செத்த போயிட்டு வாரேங்க" என்றாள். அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது.

"போயிட்டு வா" என்று அவன் காலை ஒதுக்கி வழி விட்டான்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவன் நகரவில்லை, தன் இடத்திலேயே இருந்தான். பின்னால் ஐவி ஏதோ கிசுகிசுத்தாள். நான்கைந்து பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று மட்டும் மற்றதையெல்லாம் தாண்டி மேலே எழுந்தது. வாய்விட்டு, மூச்சு முட்டி, நிறுத்த முடியாமல் வருகிற சிரிப்பு. யார் இது, இவ்வளவு அழகாகச் சிரிக்கிறாளே என்று டொமினிக் திரும்பிப் பார்த்தான்.

ரோசம்மாதான்.